அப்பா பூட்டிய நாவல்

ஜூன் 9, ஞாயிறு
வாசகசாலையில் பழைய அலமாரியைக் காலி செய்தோம். அடித்தட்டில் ஒரு நாவல். அப்பா செக்ரட்டரியாக இருந்த காலத்தில், குடும்பப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஊரே கொதிக்க, பூட்டி வைத்ததாம். எடுத்துப் பைக்குள் போட்டேன். நானும் குடும்பப் பெண்தான். புருஷன் செத்து வருடங்கள் ஆகின்றன. குடும்பம்தான் விடமாட்டேன் என்கிறது.

ஜூன் 11
முக்கால்வாசி ஆயிற்று. ஒருத்தி புருஷனை விட்டுவிட்டுப் பட்டணத்தில் வேலைக்குச் சேர்கிறாள். தனி அறை எடுக்கிறாள். பிடித்த ஒருவனை அவளே கூப்பிடுகிறாள். மொத்தம் ஒரு முத்தம், அதுவும் விளக்கை அணைத்த பிறகு. இதற்கா ஊரே கொதித்தது? உதியன்குளங்கரையில் என் தையல் கடைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டால் இந்த நாவலே காதைப் பொத்திக்கொள்ளும்.

ஜூன் 12
முடித்துவிட்டேன். அவள் சாகவில்லை. கிணறு இல்லை, விஷம் இல்லை, அழுதுகொண்டு திரும்பி வரவும் இல்லை. வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள், அவ்வளவுதான். முத்தத்தைக்கூட மன்னித்திருப்பார்கள். இதை எப்படிப் பொறுப்பார்கள்?

ஜூன் 16
கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று செல்லசாமி மறுபடி கேட்டார். அம்பூரியில் ரப்பர் ஷீட் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர், நல்ல தோள். ஆமாம், தோளைத்தான் பார்த்தேன்.
அப்பாவிடம் சொன்னேன். ஆட்கள் என்ன சொல்வார்கள் என்றார். இந்த வயதில் எதற்கு என்றார். நாவலை அவர் முன்னால் போட்டு, இதில் அப்படி என்ன கண்டீர்கள் என்று கேட்டேன்.
அட்டையைத் துண்டால் துடைத்தார். "ரெண்டு மட்டம் வாசிச்சேன் ஜீனா. நல்ல புக்காக்கும்."
"பின்ன எதுக்குப் பூட்டினீங்க?"
"உனக்க அம்ம வாசிச்சா போயிருவாளோன்னு பயந்தேன்."

ஜூன் 17
அம்மைக்குப் போகணும்னு இருந்ததா? எங்க போயிருப்பா? அவ உயிரோட இருக்கும்போ ஒரு நாளாவது கேட்டேனா — இனி ஆருகிட்ட கேக்க? கடை திறக்கல.

ஜூன் 19
செல்லசாமியை நானே கூப்பிட்டேன். சரி என்றேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறேன் என்றார், பாவம்.

ஆகஸ்ட் 2
அம்பூரி. ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து நேரே இங்கே வந்தோம். நல்ல மழை. சமைக்கத் தெரியும் என்று சொல்லியிருந்தார், தெரியவில்லை. தோளில் குறை ஒன்றும் இல்லை.
அப்பா ஆபீஸுக்கு வரவில்லை. காலையில் கிளம்பும்போது, "ராத்திரி வருவியா?" என்று மட்டும் கேட்டார்.
"இல்லப்பா. சட்டியில மீன்கறி உண்டு, சூடாக்கிக்கிடுங்க."
எனக்கு முன்னால் நடந்து போய், கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.