நெற்றியில் ஒரு குடித்தனம்

ஜூன் 9, திங்கள்

இன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: நெற்றியில் பதினொன்று, இடது கன்னத்தில் ஆறு, வலது கன்னத்தில் நான்கு, மூக்கு நுனியில் ஒன்று. மூக்கு நுனிக்காரர்தான் தலைவர். எங்கே போனாலும் எனக்கு முன்னால் அவர்தான் போகிறார்.

காலையில் தம்பி ஸ்கெட்ச் பேனாவோடு வந்து நின்றான். "அக்கா, ஆடாம நில்லு. புள்ளிக்குப் புள்ளி கோடு போட்டா யானை வரும்னு நினைக்கிறேன்." துரத்தினேன். அம்மாவின் தையல் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்தான். அம்மா நிமிரவே இல்லை, வாயில் குண்டூசி. அப்பாதான் செருப்பு மாட்டிக்கொண்டே, "பருவத்துல பரு வராம பருப்பா வரும்?" என்றார். என் வாய்க்கொழுப்பு யாரிடமிருந்து வந்தது என்று தனியாக ஆராய்ச்சி தேவையில்லை.

பள்ளியில் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கின. ஜூலை 18 ஆண்டு விழா. தொகுத்து வழங்கப் போவது நானும் கண்ணாடியும். கண்ணாடி என்பது நான் வைத்த பெயர். போன வருடக் கடைசியில் எங்கள் வகுப்பில் சேர்ந்தவள். அவள் கன்னத்தைப் பார்த்தே தலை வாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு முகம். அவள் பக்கத்தில், மேடை விளக்கில், நான். ஒரு பக்கம் தார் ரோடு, ஒரு பக்கம் ஜல்லி ரோடு.

ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் ரோடு போட்டாக வேண்டும்.

(இன்றைய சேட்டை: ஆசிரியர் அறைக் கதவில் 'தள்ளு', 'இழு' ஸ்டிக்கர்களை இடம் மாற்றினேன். கணக்கு சார் அரை நிமிடம் கதவோடு மல்லுக்கட்டினார். ஒட்டியதைக் கிழியாமல் பிய்த்து மாற்றுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.)

ஜூன் 10, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது! அப்பாவின் லாரி ஒர்க்‌ஷாப்பில், கைகழுவும் குழாயடியில், ஒரு பெரிய டப்பா உண்டு. கிரீஸ் சோப்பு. பழுப்பு நிறம், மணல் கலந்த மாதிரி நறநறக்கும். முழங்கை வரை கறுத்துப் போன கையை ஒரே தேய்ப்பில் வெளுக்க வைக்கும்.

என் முகத்தில் என்ன பிரச்சினை? எண்ணெய். எண்ணெய்க்கு எமன் யார்? கிரீஸ் சோப்பு. இத்தனை நாள் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

ஜாம் பாட்டிலில் நாலு கை அள்ளி வந்தேன்.

ஜூன் 11, புதன்

நான்கு முறை கழுவியாகிவிட்டது. விரலால் தேய்த்தால் முகம் கீச்கீச் என்கிறது. எரிகிறது. எரிந்தால் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

ஜூன் 12, வியாழன்

உயிரியல் வகுப்பில் இன்று ஒரு கூத்து. லேப் அக்கா (சோதனைச் சாலை உதவியாளர், போன வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தார், கோபம் வந்தால் மூக்கு மட்டும் சிவக்கும்) வட்ட வட்டமான மூடித் தட்டுகளைக் கொண்டுவந்தார். உள்ளே ஜெல்லி மாதிரி ஒன்று. பஞ்சுக் குச்சியால் நெற்றியை ஒற்றி, அதை ஜெல்லியில் தடவி, மூடி டேப் ஒட்டி, சூடான பெட்டிக்குள் வைத்துவிட்டால் நம் முகத்தில் குடியிருக்கும் பாக்டீரியா எல்லாம் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாக வளருமாம். "வளந்ததுக்கு அப்புறம் யாரும் தட்டைத் திறக்கக் கூடாது. திறந்தா கையை ஒடிப்பேன்" என்றார்.

ஐந்து பேர் நெற்றி கொடுத்தோம். கண்ணாடியும் நானும் அதில் உண்டு. நான் அதற்கு ஐந்து நிமிடம் முன்புதான் கழிவறையில் கிரீஸ் சோப்பு போட்டு வந்திருந்தேன். ஆனாலும் நம்பிக்கை இல்லை. இத்தனை பரு இருக்கிற முகத்தில் எத்தனை கிருமி இருக்கும்! என் தட்டில் திருவிழாக் கூட்டம், அவள் தட்டில் பொட்டல் வெளி. வகுப்பே சிரிக்கும்.

தட்டுகளைப் பெட்டிக்கு எடுத்துப் போகும் வேலை என்னிடம் வந்தது. பெயர் ஸ்டிக்கர் அடியில் ஒட்டியிருந்தது. கை சும்மா இருக்குமா?

என்னுடையது அவளுக்கு, அவளுடையது எனக்கு. பத்து வினாடி வேலை. ஒரு நாள் சிரித்துவிட்டு நானே சொல்லிவிடுவேன். சத்தியமாக.

ஜூன் 14, சனி

தோல் உரிகிறது. தலைவர் மூக்கு நுனியில் இன்னும் பெருத்துவிட்டார். கூட்டணிக்குத் தாடையில் புதிதாக மூன்று பேர்.

ஜூன் 16, திங்கள்

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது எப்படி என்று யாராவது கேட்டால், என்னைக் காட்டுங்கள்.

தட்டுகள் வெளியே வந்தன. என் பெயர் ஒட்டிய தட்டில் வெள்ளை, மஞ்சள், நடுவில் ஓர் ஆரஞ்சு என்று பொட்டுப் பொட்டாக நிறைந்திருந்தது. கண்ணாடி பெயர் ஒட்டிய தட்டில் இரண்டே இரண்டு புள்ளி. மற்றதெல்லாம் வெற்று ஜெல்லி.

அதாவது கூட்டம் அவளுடையது. பொட்டல் என்னுடையது. ஸ்டிக்கரை மாற்றி, இல்லாத கூட்டத்தை நானே என் தலையில் கட்டிக்கொண்டேன்.

"இது முகமா, மார்க்கெட்டா?" என்றான் பின் பெஞ்சுக்காரன்.

"வண்டி நிறுத்த இடமில்லடா!"

நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? அப்போதுதான் லேப் அக்காவின் மூக்கு சிவந்தது.

"எதுக்குச் சிரிக்கிறீங்க? இது நல்லா குடித்தனம் நடக்கிற முகம். பஸ்ஸுல நல்லவங்க எல்லா சீட்லயும் உக்காந்துட்டா, வம்புக்காரன் ஏறினாலும் உக்கார இடம் இருக்காது. அந்த மாதிரிதான் இதுவும்." பிறகு அந்தக் காலித் தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். "எனக்கு இதுதான் இடிக்குது. முகத்துல என்னம்மா போடற? ஊரையே காலி பண்ணி வெச்சிருக்க?"

கண்ணாடி எழுந்து நின்றாள். "ஒண்ணும் போடலக்கா..." என்றாள், கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

"அப்ப பருவை வர வைக்கிற கிருமி எது, அக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது எல்லார் முகத்துலயும்தான் இருக்கு. காத்து படாத குழிக்குள்ள இருக்கிறதால இந்தத் தட்டுல வளராது. அது இருந்தாலே பரு வரும்னும் இல்ல. எண்ணெய், குழி அடைப்பு, உடம்புக்குள்ள நடக்கிற மாத்தம் எல்லாம் சேரணும். அதனால ஒரு தட்டை வெச்சு யாருக்கும் தீர்ப்பு எழுதாதீங்க."

எல்லோருக்கும் கேட்டது. கண்ணாடிக்குக் கேட்டிருக்காது. அவள் அந்தக் காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் இருந்தது. வழக்கமாக அதை மூடத்தான் ஆள் தேவைப்படும்.

ஜூன் 17, செவ்வாய்

ஒத்திகைக்கு அவள் வரவில்லை. தமிழ் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவ மேடை ஏறலையாம். உனக்கு ஏதாவது தெரியுமா?" தெரியாது என்று தலையாட்டினேன்.

பிறகு டீச்சரே சொன்னார். பழைய பள்ளியில் இரண்டு வருடம் அவள் முகம் முழுக்கப் பருவாக இருந்ததாம். என்னுடையதெல்லாம் அதன் முன்னால் கால்தூசியாம். குனிந்த தலை நிமிராமல் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள். தோல் டாக்டரிடம் நடையாய் நடந்து, ஒன்றரை வருடத்தில் ஆறியிருக்கிறது. இப்போது காலித் தட்டைப் பார்த்ததும், பழையபடி எல்லாம் வரப் போகிறது என்று பயந்துவிட்டாள்.

கண்ணாடி என்று பெயர் வைத்தேனே. ஒரு நாளாவது பின்பக்கம் திருப்பிப் பார்த்தேனா?

ஜூன் 18, புதன்

அப்பா இன்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் வராததுமாக, "எவன்டா என் டப்பாவில கை வைக்கிறது? மாசக் கடைசி வரைக்கும் வர வேண்டியது, அடி தட்டுது" என்றார்.

தம்பி உடனே காட்டிக்கொடுத்தான். "அக்கா அதாலதான்பா மூஞ்சி கழுவுறா!"

அப்பா முதலில் சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன்டி, ரேடியேட்டரையும் கழட்டி சர்வீஸ் பண்ணித் தரவா?" பிறகு விளக்கடியில் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. தன் இரண்டு கையையும் நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. சுண்டுவிரல் ஓரத்தில் ரத்தம் கட்டிக் காய்ந்திருந்தது.

"எருமைத் தோலு, இதுக்கே இந்தக் கதி. எண்ணெய் சுத்தமா வத்திப் போனா என்ஜினே இறுகிடும்டி. மூஞ்சி எம்மாத்திரம்?"

அம்மா வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "உறை மோரையும் சேத்துக் கொதிக்க வெச்சுட்டு, தயிர் ஆகலையேன்னு அழுதானாம் ஒருத்தன்." மறுபடி குண்டூசியை வைத்துக்கொண்டாள்.

என் தட்டில் இருந்த அந்த இரண்டு புள்ளி ஞாபகம் வந்தது. ஊரே காலியான பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்த இரண்டு பேர். பாவம், எந்த நம்பிக்கையில் இருந்தார்களோ.

ஜூன் 19, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. சொல்லப் போனபோது இருமல் வந்துவிட்டது. இருமலும் பொய்.

ஜூன் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மதிய இடைவேளையில் கண்ணாடியை லேப்பில் உட்கார வைத்துத்தான் சொன்னேன். அக்கா குழாயடியில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தார். யாராவது ஒரு பெரிய மனுஷி பக்கத்தில் இருந்தால் அடி கொஞ்சம் குறையும் என்ற கணக்கு.

"அந்தக் காலித் தட்டு உன்னுது இல்ல. என்னுது. ஸ்டிக்கரை மாத்தினது நான்தான்."

குழாய் நின்றது. கண்ணாடி என்னைப் பார்த்தாள்.

"நாலு ராத்திரி தூங்கலடி நான்" என்றாள்.

பதிலுக்கு என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை. "மன்னிச்சுக்கோ" என்ற ஒரு சொல்தான் இருந்தது.

அக்காவின் மூக்கு செக்கச் செவேல். "கதவு ஸ்டிக்கரும் தட்டு ஸ்டிக்கரும் உனக்கு ஒண்ணாடி? இதுவே ஆஸ்பத்திரி லேபா இருந்தா, யாரோட மருந்து யாருக்குப் போயிருக்கும்?" அது அடியைவிட வலித்தது. கதவு விஷயமும் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

அப்புறம் கண்ணாடி மெதுவாகக் கேட்டாள், "அப்ப அந்தக் கூட்டம்... என்னுதா?"

"உன்னுதுதான். ஆரஞ்சு உள்பட."

அவள் முகம் இருந்ததே! பரிசு விழுந்த மாதிரி. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். உடனே கையிலிருந்த நோட்டால் என் தலையில் ஒன்று போட்டாள். பலமாகத்தான்.

"நீ எதால கழுவின?" என்றாள். கிரீஸ் சோப்பு என்றேன். அக்கா சிங்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடி சிரிக்கவில்லை. "லூசு" என்றாள். திட்டிய மாதிரியே இல்லை.

மேடை ஏறுவாளாம். நிபந்தனை ஒன்று: தினமும் காலையில் என் முகத்தை அவள் பரிசோதிப்பாள். தேய்த்த தடயம் இருந்தால் இன்னொரு நோட்டடி.

ஜூன் 21, சனி

கண்ணாடியின் தோல் டாக்டரிடம் அம்மா கூட்டிப்போனாள். காத்திருந்தது ஒன்றரை மணி நேரம், பார்த்தது நாலு நிமிடம். "அந்த டப்பா லாரிக்கே இருக்கட்டும்" என்றார். ஒரு நாளைக்கு இரண்டு முறை மென்மையான சோப்பு, ராத்திரி ஒரு களிம்பு, கிள்ளக் கூடாது. "ரெண்டு மூணு மாசம் ஆகும். அவசரப்பட்டா வேலைக்காகாது."

விழாவுக்கு நாலு வாரம்தான் இருக்கிறது என்றேன். "விழாவுக்கு நீங்க போங்க, பரு பின்னால வரட்டும்" என்றார். வாய்க்கொழுப்பில் இவர் எங்கள் ஜாதி.

ஜூலை 4, வெள்ளி

எரிச்சல் நின்றுவிட்டது. உரிவதும் இல்லை. காலைப் பரிசோதனையில் நோட்டடி இதுவரை ஒன்று (தலைவரைக் கிள்ளியதற்கு).

ஜூலை 18, வெள்ளி

காலையில் லேப் அக்கா மறுபடி பஞ்சுக் குச்சியோடு நின்றார். எனக்கு மட்டும் புதுத் தட்டு. ஸ்டிக்கரை நான் தொடக் கூடாது என்று கண்ணாடியே எழுதி ஒட்டினாள். சுற்றிலும் டேப் வேறு. நம்பிக்கை இப்போதைக்கு அந்த அளவில் இருக்கிறது.

மாலை விழா. பவுடர் பூச வந்தவரிடம் வேண்டாம் என்றேன். மேடை விளக்கில் தலைவர் ஜொலித்திருப்பார். நான் மைக்கைப் பிடித்து, "உங்களை வரவேற்க எங்கள் இருவர் முகத்திலும் சேர்த்துப் பல லட்சம் பேர் காத்திருக்கிறார்கள்" என்றேன். எங்கள் வகுப்பு விசில் அடித்தது. கண்ணாடி எழுதி வைத்ததைப் படிக்காமல், "அதில் சில பேரை இவர் போன மாதம் வீடு காலி செய்யச் சொல்லிவிட்டார்" என்றாள். அரங்கமே சிரித்தது. அடிப்பாவி, எப்போது கற்றுக்கொண்டாள்?

அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, வெடித்த கையால் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஜூலை 21, திங்கள்

தட்டு வெளியே வந்தது. திறக்காமல், மூடியின் மேலேயே பேனாவால் புள்ளி வைத்து எண்ணினோம். வெள்ளை பதினேழு, மஞ்சள் ஐந்து. அவள் இன்னொரு முறை எண்ணினாள். இருபத்திரண்டேதான். "போன தடவை மாதிரி கழுவின அஞ்சு நிமிஷத்துல எடுத்தா எந்த முகமும் கொஞ்சம் காலியாத்தான் தெரியும். ரொம்பத் துள்ளாதே" என்றார் அக்கா. துள்ளினேன்.

"ஆரஞ்சு வரல" என்றாள் கண்ணாடி, கொஞ்சம் பெருமையாக.

"வரும். வாடகைக்கு வீடு இருக்குன்னு சொல்லி அனுப்பு."

ஒர்க்‌ஷாப் வழியாக வீட்டுக்கு வந்தேன். குழாயடியில் புது டப்பா. மூடியில் அப்பா பெயிண்டால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்: முகத்துக்கு அல்ல. பக்கத்திலேயே, அம்மா வாங்கிக் கொடுத்த தேங்காயெண்ணெய்ப் பாட்டில். கைக்குத் தடவ.

எழுதி முடிக்கும்போதுதான் உறைக்கிறது. காலையில் நான் எண்ணவே இல்லை. நேற்றும் எண்ணவில்லை. நெற்றியில் இன்று எத்தனை என்று கேட்டால், போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

போகவில்லை. தூக்கம் வருகிறது.