படத்தின் இடது பக்கம்

ஜன. 27, திங்கள்
காலையில் நல்ல பனி. பள்ளியில் இரண்டு ஓவிய வகுப்பு மட்டும். தம்பி குமரேசனின் புது வீட்டு ஹாலுக்கான படம் முடிந்தது. பித்தளைத் தட்டு, இரண்டு மாதுளை, பாதி உரித்த ஆரஞ்சு, செவ்வந்தி. ஒரு பூ மட்டும் தலை தொங்கி. எல்லாம் வலது ஓரத்தில். இடது பாதியில் வெறும் மேசை, வெளிச்சம். கண் முதலில் ஆரஞ்சில் விழ வேண்டும், பிறகு அந்த வெறுமைக்குப் போக வேண்டும்.

அது அம்மாவின் இடம். கடைசி நாளில் ஆரஞ்சு கேட்டாள். உரித்து முடிப்பதற்குள் போய்விட்டாள். குமரேசனின் பழைய வீட்டுப் பின்னறையில், பனியன் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில். அவன் முன்னறையில், சரக்கு வாங்க வந்த பையரோடு; கூப்பிட்டேன், வரவில்லை.

ஜன. 30, வியாழன்
படத்தைக் கொடுத்தேன். தம்பி மனைவி சுதா தள்ளி நின்று பார்த்தாள்.

"நல்லாருக்குதுங்க அண்ணி. இந்தப் பக்கம் ஏனுங்க காலியா கெடக்குது?"

"காலியாவே இருக்கட்டும் சுதா."

"புது ஊட்டுல வாடுன பூ வேண்டாமுங்களே."

குமரேசன் போனிலிருந்து தலை தூக்காமல், "நம்ம கம்பெனி டிசைன் செக்ஷன்ல குடுத்து சரி பண்ணிக்கலாம்."

விளையாட்டுக்கு என்று நினைத்தேன். திரும்பும்போது நல்லெண்ணெய் வாங்க மறந்தேன்.

பிப். 2, ஞாயிறு
கிரகப்பிரவேசம். ஹாலில் என் படம். என் படம் இல்லை. ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் மாற்றி, துணியில் பிரிண்ட் போட்டு, தங்க நிறச் சட்டம். இடது பக்கம் முழுக்கத் திராட்சைக் குலை. செவ்வந்தி நிமிர்ந்துவிட்டது. ஆரஞ்சை முழுசாக்கிவிட்டார்கள். கீழே என் கையெழுத்து மட்டும் அப்படியே.

சாமளாபுரத்து மாமா: "திராட்சையப் பாரு கண்ணு, பிச்சுத் திங்கலாமாட்ட இருக்குது." சிரித்துவைத்தேன்.

பந்தியில் குமரேசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அம்மா இருந்திருந்தா ரொம்ப சந்தோசப்பட்டிருக்கும்க்கா."

"அம்மாளுக்குன்னு விட்ட எடத்துலதான் திராட்சை வெச்சிருக்கற."

புரிந்துவிட்டது அவனுக்கு. இலையையே பார்த்தான். "இன்னைக்குப் போய் இதப் பேசோணுமா?" எழுந்து போய்விட்டான். பாயசம் நன்றாகத்தான் இருந்தது. குடித்தேன்.

பிப். 4, செவ்வாய்
தம்பியின் பனியன் கம்பெனிக்குப் போய் என் படத்தைத் திருப்பிக் கேட்டேன். கட்டிங் மேசைக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி சாத்தி வைத்திருந்தார்கள். பழுதில்லை. ஆட்டோவில் ஏற்றும்போது குமரேசன் வந்து மறுமுனையைப் பிடித்தான். வெகுநேரம் விடவில்லை.

"அம்மா போனன்னைக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுக்கா."

"தெரியும்," என்றேன். ஆட்டோக்காரரிடம் ராயபுரத்தில் என் வீட்டுக்குப் போகச் சொன்னேன்.