கடைப் பக்கத்தில் அப்பாவின் கேள்வி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மறக்காமல் மாத்திரை சாப்பிடுகிறாளா?

எங்கள் திரைச்சீலைக் கடைக்காகக் குறும்பதிவுத் தளத்தில் ஒரு பக்கம் தொடங்கியதைச் சொல்லியிருந்தேன் அல்லவா? படித்த பெண் என்று முதலாளி அதை என்னிடம் விட்டார். அது கடையின் பக்கம், அப்பா. சித்தப்பா போனிலிருந்து நீங்கள் எழுதுவதை எல்லோரும் படிப்பார்கள். அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் நீலத் திரையின் படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியதை முதலாளி பார்த்துவிட்டார்.

"யாரும்மா இந்த ஆளு? தினமும் நம்ம கடையைப் பார்த்து 'சாப்பிட்டியா கண்ணு'ங்கறாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "தெரியலை சார், யாரோ கஸ்டமர்" என்று சொல்லிவிட்டேன்.

"கஸ்டமர்னா பதில் போடணும்ல? போடு."

"சாப்பிட்டோம், நன்றி ஐயா" என்று கடையின் பெயரில் போட்டேன். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். கடை நிறையத் திரை இருந்தும் என் அறை ஜன்னலுக்கு இல்லை. துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

நான்கு நாளாக உங்கள் கேள்வி வரவில்லை. நேற்று முதலாளியிடம், "அது எங்க அப்பா, சார்" என்று சொல்லிவிட்டேன். "முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. இது கிடைத்ததும் பழையபடி கேளுங்கள், அப்பா. இங்கே வேறு யாரும் கேட்பதில்லை.

உங்கள் மகள்