பழைய கார்டிலிருந்து என் கார்டுக்கு

நாள் 263. காலை 07:10
செவ்வாய், வடதுருவ ஆய்வு நிலையம். எழுதுவது பொற்கொடி சவரிமுத்து, பனி ஆய்வாளர். வெளியே மைனஸ் 71 டிகிரி. சுவாசிக்கக் காற்று 19 நாளுக்கு இருக்கிறது. மீட்புக் கலம் வர 41 நாள் ஆகும். இதைப் பூமியிலுள்ள தரை நிலையத்துக்கு இரண்டு முறை தெரிவித்துவிட்டேன்.

இங்கே இருந்தது நாங்கள் இருவர்தான். பன்னிரண்டு நாளுக்கு முன் வடக்குச் சுவர் பிளந்தது. பொறியாளர் அருளப்பன் அதனருகில் நின்றிருந்தார். நான் வெளியே பனியில் துளையிட்டுக்கொண்டிருந்தேன். அவரோடு கணினியும் போயிற்று. நான் இப்போது இருக்கும் தெற்கு அறையும் கேமராவும் மிஞ்சின. கேமராவில் இரண்டு மெமரி கார்டு போடலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படங்களை நகலெடுக்கலாம்.

நாள் 263. 11:40
நாளை மறுநாள் பனி மாதிரிகளுக்கான ராக்கெட் பூமிக்குக் கிளம்புகிறது. நான் துளையிட்டு எடுத்த பனி உருளைகளைக் கொண்டுபோகும். ஆள் ஏற இடமில்லை. ஒரு கார்டு வைக்கலாம். தரை நிலையத்தில் எங்களோடு பேசும் தணிகைவேலிடமிருந்து செய்தி:

"மேடம், பனிப் படம் இருக்கற உங்க கார்ட மட்டும் பெட்டில போடுங்க. அருள் சார் கார்டு வேணாம். அது பழுதாயிருச்சுன்னு நீங்கதான சொன்னீங்க."

பழுதுதான். அதனால்தான் நகலெடுக்கப் போகிறேன். அவர் மனைவி ப்ளாரன்ஸுக்கு அவர் எடுத்த படங்களாவது போய்ச் சேரட்டும். அவருடையவை 340. என் கார்டில் 90 படத்துக்குத்தான் இடம்.

நாள் 264. 08:25
மொத்தமாக நகலெடுக்க முடியவில்லை. கெட்டுப்போன படம் வந்தால் கேமரா நின்றுவிடுகிறது. அதைத் தாண்டி மறுபடி தொடங்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, தேர்ந்தெடுத்து, நகலெடுக்கிறேன். கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டேன். வலக்கைச் சுட்டுவிரலில் உணர்ச்சி இல்லை.

நாள் 264. 14:05
படம் 118. எடுத்தது நாள் 212. வடக்குச் சுவரில் விரிசல், பக்கத்தில் அளவுகோல். நான்கு மில்லிமீட்டர்.
படம் 126. ஏழு மில்லிமீட்டர்.
படம் 131. அதே விரிசல். அதன் கீழே என் படுக்கை. அதில் நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.

சுவர் பிளந்தது நாள் 251. முப்பத்தொன்பது நாள் அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் தலைமாட்டிலிருந்த காப்புத் தகட்டைக் கழற்றி, படமெடுத்து, திரும்ப மாட்டியிருக்கிறார். அந்த முப்பத்தொன்பது நாளும் காலையில் எனக்குக் காபி கலந்து கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக் குடித்தேன். பதின்மூன்று நாளாக இந்த மனிதருக்காக அழுதிருக்கிறேன்.

நாள் 264. 16:30
இடம் போதாமல் என் பனிப் படங்களில் 250 அழித்தேன். எட்டு மாத உழைப்பு. விரிசல் படங்களில் தேறியவை அத்தனையும் நகலாகிவிட்டன.

கடைசியாக ஒரு படம் நானே எடுத்துச் சேர்த்தேன். தாளில் எழுதிப் படமெடுத்தேன்: "சுவர் விரிந்தது அருளப்பனுக்கு முப்பத்தொன்பது நாள் முன்பே தெரியும். என்னிடம் மறைத்தான். இது கொலைக்குச் சமம். பொற்கொடி."

நாள் 265. 09:00
ராக்கெட் கிளம்பிவிட்டது. கார்டு அதில்.

நாள் 265. 13:20
தணிகைவேலின் குரல். யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் பேசினார்.

"மேடம், இத உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல. சுவர் விரிசல் அருள் சாருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். உங்ககிட்ட சொல்லட்டுமான்னு மூணு தடவ கேட்டாரு. சொன்னா நீங்க துளை போடறத நிறுத்திடுவீங்கன்னு மேலிடத்துல ஒத்துக்கல. மூணு தடவயும் கூடாதுன்னு டைப் பண்ணி அனுப்பினது நான்தான். கடைசியா, 'அவங்க வெளிய போறப்ப நானே அடைச்சுப் பாக்கறேன்'னு எழுதினாரு. அன்னிக்குத்தான் மேடம்..."

நாள் 265. 13:45
பதில் அனுப்பினேன். கார்டில் நான் எழுதி வைத்திருப்பதைச் சொன்னேன். அதை யாரும் நம்ப வேண்டாம், ப்ளாரன்ஸிடம் நீங்களே பேசுங்கள் என்று கெஞ்சினேன். என் குரல் போய்ச் சேரப் பதினான்கு நிமிடம். பதில் வர இன்னொரு பதினான்கு.

நாள் 265. 15:10
பதில் வந்தது. எனக்குப் பழக்கமில்லாத ஒரு பெண் குரல்.

"தணிகைவேல் இனிமே இந்தப் பணில இல்ல. கார்டுல என்ன இருக்குன்னு தெரியப்படுத்துனதுக்கு நன்றி. அத விசாரணைக் குழு பாத்துக்கும்."

நாள் 266. நேரம் பார்க்கவில்லை
மூன்று முறை அழைத்தேன். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

அவர்களுக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். சாட்சியோடும் என் கையெழுத்தோடும் நானே அனுப்பிவைத்திருக்கிறேன். ராக்கெட் ஏழு மாதம் பறக்கும். அதைத் திருப்ப என்னிடம் ஒன்றும் இல்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு. கார்டில் உள்ள விரிசல் உண்மை. நான் எழுதியது பொய். இல்லை, பாதிப் பொய். அவர் கேட்டார். அவர்களிடம் கேட்டார். மூன்று முறை. நான் அவரிடமிருந்து ஐந்தடி தள்ளித்தான் படுத்திருந்தேன். என்னை ஒரு முறை எழுப்பிச் சொல்லியிருக்கலாம்.