ஊசியும் தூக்குக் கூடையும்

அன்புள்ள வாத்தியாருக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது பெண்டாட்டி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். இந்த விடுதியின் சுவர் அட்டை மாதிரி. அடுத்த அறையில் எங்கள் ஜூனியர் இஞ்சினியர் தும்மினால் இங்கே கேட்கிறது. என் வயிற்றுச் சங்கதியை அவருக்கு ஒலிபரப்ப விருப்பமில்லை.

அறை பரவாயில்லை. ஜன்னலைத் திறந்தால் ஆறும் நாங்கள் சோதிக்கிற பாலமும் தெரிகின்றன. எடை குறைக்கும் ஊசி விடுதிக்கார அம்மாவின் பிரிட்ஜில், தக்காளிக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. சர்க்கரையா என்று கேட்டார். தலையை எப்படியோ ஆட்டிவைத்தேன்.

கிளம்பும்போது நீங்கள் சொன்னது காதிலேயே இருந்தது. "முட்டி வலிக்கு எடை குறையணும்னு ஊசி போட்டுக்கிட்ட, இப்ப வயிறு மக்கர் பண்ணுது. பேசாம அந்த ஆபீஸ் வேலைய வாங்கிக்கோயேம்மா." ஊர் திரும்பியதும், அந்த வேலையைத் தருவதாகச் சொன்ன மேலதிகாரியும் பதில் கேட்பார். இந்தப் பாலத்தை நல்லபடியாக முடித்தால்தான் அந்த நாற்காலியை மறுக்க எனக்கு வாய் இருக்கும். அதனால் ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

பாலத்துக்கு அடியில் எங்களைத் தூக்கு வண்டியின் கூடையில் இறக்குவார்கள், உங்களுக்குத் தெரியும். இறங்கினால் மதியம் வரை அங்கேதான். வயிற்றுக்குள் ஒன்றும் போகாவிட்டால் தொல்லையும் இல்லை என்று கணக்குப் போட்டு, பஸ் ஏறியதிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. படித்தவள் போட்ட கணக்கு. முதல் நாளே கூடையில் தலை சுற்றியது, குமட்டியது. கம்பியைப் பிடித்துப் பல்லைக் கடித்து நின்றேன். மேலே வந்த பிறகு, இரண்டாவது தூணின் மேல் பாலத்தைச் சுமக்கும் தாங்கிகளைப் பார்த்தேனா என்று எனக்கே உறுதியில்லை. குமட்டலைவிட அதுதான் பயமுறுத்தியது.

ஆற்றங்கரையில் தள்ளி நின்று டாக்டருக்குப் போன் செய்தேன். "பட்டினி கிடந்தா வயிறு சும்மா இருக்கும்னு யாருங்க சொன்னா?" என்று ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிட வேண்டும், எண்ணெய் வேண்டாம், தண்ணீர் மடக்கு மடக்காக, போதும் என்று தோன்றியதும் நிறுத்த வேண்டும். வாந்தி வந்து நிற்காவிட்டால் நேரே ஆஸ்பத்திரி. திட்டு வாங்கியதில் ஏனோ நிம்மதி.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. கூடையில் இருப்பவர் யார் "ஏத்து" என்றாலும் வண்டிக்காரர் காரணம் கேட்காமல் மேலே எடுக்க வேண்டும். சொல்லக் கூச்சப்பட்டு யாரும் மயங்கி விழக் கூடாதே! புதிதாக வருகிறவர்களுக்கு அதைப் பாடம் எடுப்பதே நான்தான். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவையும் சொன்னதில்லை.

நேற்று ரொட்டியும் பாதி அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டு இறங்கினேன். விட்டுப்போன தாங்கிகளிலிருந்தே ஆரம்பித்தோம். ஒன்றில் மயிரிழை விரிசல். முந்தின நாள் அதற்கு முன்னால்தான் பல்லைக் கடித்து நின்றிருக்கிறேன். குறித்துக்கொண்டு நகர்ந்தோம். நாலாவது தூணருகே வயிறு புரட்டியது. "ஏத்து" என்றேன். கூடை ஏறியது.

பாலத்து முனைக் கடையின் கழிப்பறைக்குப் போய்த் திரும்பினால், வண்டிக்காரரும் அதே இடத்துக்கு எதிரே ஓடி வருகிறார். "அப்பாடா! நீங்க எப்ப கூப்பிடுவீங்கன்னுதான் மேடம் காத்துக்கிட்டிருந்தேன்!" கூடை கீழே இருக்கும்வரை அவர் இருக்கையைவிட்டு எழக் கூடாது. இதை நான் யோசித்ததே இல்லை. ஜூனியர் விழுந்து விழுந்து சிரித்தார், நானும்தான். சிரித்த கையோடு ஊசி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அவ்வளவுதானா மேடம்? நீங்க எங்ககூட சாப்பிடலைன்னதும் எங்க மேல ஏதோ கோவம்னு நெனச்சோம்" என்றார் ஜூனியர்.

இன்று வயிறு ஒரே ஒரு தடவை முனகியது. நாளை மறுநாள் வேலை முடிந்துவிடும். ஆபீஸ் நாற்காலி வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வேலை என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் வீட்டில் இருப்பேன் என்பதும் உங்கள் கணக்கில் இருந்திருக்கும், நீங்கள் சொல்லவில்லை. ஊசி போட்டு நான் கொறிக்க ஆரம்பித்ததிலிருந்து நீங்களும் அடுப்படியில் நின்றபடியே எதையோ அள்ளிப் போட்டுக்கொள்கிறீர்கள், நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை வருகிறேன். இரண்டு தட்டு வையுங்கள். என் தட்டில் கொஞ்சமாகப் போதும். நான் கை கழுவிவிட்டேன் என்பதற்காக நீங்கள் எழுந்துவிட வேண்டாம். நிதானமாகச் சாப்பிடுங்கள். நீங்கள் முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உங்கள்
பாலத்துக்காரி