எல்லா மணிக்கும் 540

ராயபுரம்
11.3.2024

சாண்ட்ராவுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். கடிதத்தைக் கிழித்துப் போடவாவது கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்?

எங்கள் பாய்லரின் நீராவிக் குழாய் இன்னும் நாலு வருஷம் தாங்கும் என்று சோதனைக்கூடத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டவள் நீ. பதினாறாம் மாதமே வெடித்துவிட்டது. கீழே நின்றிருந்த என் ஃபிட்டர் பொன்ராஜ் கழுத்திலிருந்து முழங்கால்வரை வெந்து கிடக்கிறான். அங்கே நிற்கப் பயந்தவனை, "என் தங்கச்சி கையெழுத்து போட்டுக்கீது, தெகிரியமா நில்லுடா" என்று நிறுத்தியவன் நான். ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி பவானி, "அம்மாம் படிச்ச பொண்ணு எப்டிண்ணே தப்பா எழுதும்?" என்கிறாள். விசாரணைக்கு வருவாய் அல்லவா? அத்தனை பேர் முன்னாலும் இதைத்தான் கேட்பேன்.

நெல்சன்

தாம்பரம்
16.3.2024

அண்ணனுக்கு,

தாராளமாகக் கேள். நானும் சொல்கிறேன்.

சூட்டிலும் அழுத்தத்திலும் கிடக்கிற இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் இழுபட்டு இழுபட்டு ஒருநாள் கிழியும். என்றைக்கு என்று கணக்குப் போட நீராவியின் சூடு தெரிய வேண்டும். அதற்கு நீங்கள் தந்தது, மணிக்கொரு தடவை எழுதிய லாக் புத்தகம். எல்லா மணிக்கும் 540 டிகிரி.

கிழிந்த துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். 555க்குக் குறையாமல் வெந்திருக்கிறது. அந்தப் பதினைந்து டிகிரி போதும், ஆயுளில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அந்தப் பக்கங்களை எழுதியது யார் என்று என் வாயால் சொல்ல வேண்டுமா?

சாண்ட்ரா

ராயபுரம்
20.3.2024

சாண்ட்ரா,

பொன்ராஜ் நேற்றுக் காலை போய்விட்டான்.

ஆமாம், நான்தான் எழுதினேன். எல்லா ஷிஃப்ட்டிலும் அப்படித்தான். 556 என்று எழுதினால், "என்ன நெல்சன், பாய்லர் ஓட்டத் தெரியலையா?" என்று மேனேஜர் மெமோ நீட்டுவார். யாரும் படிக்காத புத்தகம் அது. உன் கைக்கு வரும் என்று கண்டேனா?

அந்தப் பக்கங்களைக் காட்டாதே. உன் கணக்கு தப்பு என்று சொல்லிவிடு. நீ படித்தவள், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாய். நான் இந்தத் தெருவில் பவானி முகத்தில் விழிக்க வேண்டும்.

அண்ணன்

தாம்பரம்
25.3.2024

அண்ணனுக்கு,

பக்கங்களைக் கொடுத்துவிட்டேன். என் குற்றத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எந்த பாய்லரும் மாதக்கணக்கில் ஒரே சூட்டில் எரியாது. முதல் வருஷ மாணவிக்கே தெரியும். வேறு யார் எழுதியிருந்தாலும் புத்தகத்தைத் திருப்பி அனுப்பி, நானே வந்து அளந்திருப்பேன். என் பள்ளி நோட்டு அட்டைகளில் பேர் எழுதிக் கொடுத்த அதே கை என்று பார்த்ததும் பேசாமல் கணக்கைப் போட்டுவிட்டேன்.

நேற்று பவானியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. "அந்தக் கொயாய்க்குக் கீய உங்க ரெண்டு பேர்ல யார்னா ஒருநாளாச்சும் நின்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இனி எனக்கு எழுதாதே. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்தால் இப்போதும் நம்பத்தான் தோன்றுகிறது.

சாண்ட்ரா