பூசினாற்போல் இருந்த கன்னம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

மகள் யாழினி சதை போட்டிருக்கிறாள் என்று ஒரு மாதமாகப் பூரித்துக்கொண்டிருந்தேன். "இப்பத்தான் ஒம் பொண்ணு நல்லா பூசுனாப்புல இருக்கா" என்று நாத்தனார் சொன்ன அன்றே, கண்பட்டுவிடுமென்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன்.

இன்று காலை அவளால் கண்ணையே திறக்க முடியவில்லை. இமை அவ்வளவு வீக்கம். வேப்பந்தட்டையில் பஸ் ஏறிப் பெரம்பலூர் போனோம். டாக்டரம்மா அவள் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது. யூரின் டெஸ்ட் சீட்டு வந்ததும் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது சதை இல்லம்மா, தண்ணி. ரத்தத்துல இருக்குற புரதந்தான் தண்ணிய ரத்தக் குழாய்க்குள்ள புடிச்சு வைக்கும். இவளுக்கு அது கிட்னி வழியா யூரின்ல போவுது. அதான் தண்ணி கசிஞ்சு தோலுக்கடியில தேங்கியிருக்கு. யூரின் நுரைச்சுப் போவலியா?"

நுரைத்தது. உடம்புச் சூடு என்று நான்தான் சும்மா இருந்துவிட்டேன்.

மாத்திரையிலேயே அடங்கிவிடும் என்றார். நாளைக்கு மறுபடி டெஸ்ட்.

கொலுசைக் கழற்றிவிட்டேன். தூங்குகிறாள். காலில் அதன் தடம் இன்னும் குழியாகவே இருக்கிறது. போன வாரம் இதே தடத்தைப் பார்த்துத்தான், பெரிய கொலுசு வாங்க வேண்டும் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.